அறிவுக்கும் ஒரு சுங்கச்சாவடியா?

ஆழியாறு அணையைத் தாண்டி, 40 கொண்டை ஊசி வளைவுகளில் சுழன்று ஏறினால் வருகிறது வால்பாறை. மேகம் தவழும் மேடு, ஓயாத மழை, கண்ணுக்கு எட்டிய மட்டும் தேயிலைப் பச்சை! காண வருவோர் இவ்வளவே கண்டு திரும்புகின்றனர். அந்தப் பச்சைக்கு நடுவே கூன் விழுந்த முதுகுகள் உண்டு. அந்த முதுகுகள் சுமந்து வளர்த்த பிள்ளைகள் உண்டு. அப்பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் பணியில் இருக்கிறோம் நாம்.

ஒரு நாள் வகுப்பில் சிறுவன் ஒருவன் எழுந்தான். "சார், சிங்கவால் குரங்கு மரத்தை விட்டுக் கீழே வர்றதே அபூர்வம்னு சொன்னீங்க. எங்க லைன்ல மட்டும் ஏன் சார் அடுப்படி வரைக்கும் வருது?" என்று கேட்டான்.

வகுப்பு சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. கேட்டவனை அதட்டி உட்கார வைப்பது எளிது. தலைமுறை தலைமுறையாக இந்த நாட்டில் நடந்து வந்திருப்பதும் அதுதான். ஏன் என்று கேள், எதற்கு என்று கேள் என மேடைதோறும் முழங்கும் நாம், கேட்டுவிட்ட பிள்ளைக்கு விடை தேடித் தராவிட்டால் அந்த முழக்கத்துக்குப் பொருள் ஏது? அன்றிரவே தேடினோம். விடை இருந்தது! நம் மலையிலேயே, தேயிலைக்கு நடுவே தீவுகளாய் நிற்கும் சோலைத் துண்டுகளிலேயே, குரங்குக் கூட்டங்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்து அறிஞர்கள் எழுதிய கட்டுரை இருந்தது. முதற்பத்தி கண்ணில் பட்டது. அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினோம். கதவு சாத்திக்கொண்டது. மேலே படிக்க வேண்டுமானால் ஏறத்தாழ 40 டாலர் கட்டு என்றது ஒரு கட்டம்.

40 டாலர்! நம் நாட்டுக் காசில் 3,000 ரூபாய்க்கு மேல். கேள்வி கேட்ட சிறுவனின் தாய், மழையில் நனைந்து, அட்டைக்கு இரத்தம் கொடுத்து, வாரம் முழுதும் கொழுந்து பறித்தால் வீட்டுக்குக் கொண்டுவரும் கூலி அது. காடு நம் காடு. குரங்கு நம் குரங்கு. அடுப்படி அந்தத் தாயின் அடுப்படி. அதைப் பற்றிய அறிவுக்கு மட்டும் சாவி கடல் கடந்து கிடக்கிறது!

தோழர்களே, இது ஒரு குரங்கைப் பற்றிய வழக்கன்று. ஓர் ஆசிரியரின் தனி மனக்குறையுமன்று. உலகத்து ஆராய்ச்சி முழுவதையும் வளைத்து நிற்கும் ஒரு வேலியைப் பற்றிய வழக்கு. அந்த வேலியைப் போட்டவர் யார், அதனால் கொழுப்பவர் யார், பட்டினி கிடப்பவர் யார் என்று பார்ப்போம்.

உழுதவன் யார், அறுத்தவன் யார்?

ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எப்படிப் பிறக்கிறது? ஆராய்ச்சிக்குப் பணம் தருவது பெரும்பாலும் அரசு. அதாவது வரி கட்டும் மக்கள். உப்புக்கும் பருப்புக்கும் விலையோடு வரி சேர்த்துக் கட்டும் தோட்டத் தொழிலாளியும் அந்த மக்களில் ஒருவர்தான். ஆராய்வது அறிஞர்; அவருக்குச் சம்பளம் பல்கலைக்கழகம் தருகிறது. எழுதுவதும் அவரே, எழுதியதற்கு இதழ் அவருக்குக் காலணாவும் கொடுப்பதில்லை. கட்டுரை தகுதியானதா என்று சீர்தூக்கிப் பார்ப்பது வேறு அறிஞர்கள். அவர்களுக்கும் பொதுவாகக் கூலி இல்லை, அது அறிவுலகக் கடமை என்று செய்கிறார்கள். இவ்வளவும் முடிந்தபின் வருகிறார் பதிப்பு முதலாளி. வடிவமைத்து, வலையேற்றி, உரிமையைத் தம் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டு, கதவைப் பூட்டுகிறார். பிறகு, எழுதிய அறிஞரின் பல்கலைக்கழகத்திடமே சென்று சந்தா கேட்கிறார்!

உழுதவன் ஒருவன், விதைத்தவன் ஒருவன், நீர் பாய்ச்சியவன் ஒருவன், களத்துமேட்டில் மரக்காலோடு உட்கார்ந்து நெல் முழுவதையும் அளந்துகொள்பவன் வேறொருவன் என்றால் நம் சிற்றூர் உழவன் என்ன சொல்வான்? அதைத்தான் நாமும் சொல்கிறோம்.

ஏகலைவன் கதை எல்லோரும் அறிந்ததுதான். கற்றுக் கொடுக்காத ஆசான், தானே கற்றுக்கொண்ட மாணவனிடம் கட்டை விரலைக் காணிக்கையாகக் கேட்டான். கொடுமை என்கிறோம். எழுதாதவர், ஆராயாதவர், சரிபார்க்கும் அறிஞருக்குக் கூலி தராதவர், படிக்க வருகிறவனிடம் காணிக்கை கேட்கிறாரே, இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

என்றுமே இப்படி இருந்ததில்லை. 1665-ல் இலண்டனில் அறிவியலுக்கென்று ஓர் இதழ் தோன்றிய காலத்தில், கண்டதைப் பிறருக்கு அறிவிப்பதே நோக்கமாக இருந்தது. நெடுங்காலம் அறிஞர் கழகங்களே இதழ்களை நடத்தின; கொழுத்த இலாபத்துக்கு அங்கே இடமில்லை. இரண்டாம் உலகப் போருக்குப்பின் அரசுகள் ஆராய்ச்சிக்குப் பணத்தைக் கொட்டத் தொடங்கியதும், அதில் பொன் விளையும் என்று மோப்பம் பிடித்தவர்கள் வந்தார்கள். ராபர்ட் மாக்ஸ்வெல் என்பவர் 1951-ல் பெர்கமான் பதிப்பகத்தைத் தம் கைக்குக் கொண்டுவந்தார்; துறைக்கொரு இதழ், இதழுக்கொரு சந்தா என்று பெருக்கினார்; 1991-ல் அதை எல்செவியருக்கு விற்றார். ஒரு நூலகம் ஓர் இதழை நிறுத்திவிட்டு அதற்குப் பதில் வேறொன்றை வாங்க முடியாது, ஏனெனில் ஒவ்வொரு கட்டுரையும் ஒன்றே ஒன்றுதான்! போட்டியில்லாத சரக்கு, கேட்ட விலை கிடைக்கும்.

கிடைத்ததா? கணக்கைப் பாருங்கள். எல்செவியரின் தாய் நிறுவனமான ரெலெக்ஸ், தன் அறிவியல், மருத்துவ வெளியீட்டுப் பிரிவில் 2023-ஆம் ஆண்டு ஈட்டிய வருவாய் ஏறத்தாழ 306 கோடி பவுன். அதில் செயல்பாட்டு இலாபம் 116 கோடிக்கும் மேல். நூற்றுக்கு 38! வட்டிக்கடைக்காரன் வாயைப் பிளப்பான். உலகத்துப் பல்கலைக்கழகங்களில் பெருஞ்செல்வம் படைத்த ஹார்வர்டின் நூலகக் குழுவே, இதழ்களுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 37.5 இலட்சம் டாலர் அழ வேண்டியிருக்கிறது, இனித் தாங்காது என்று 2012-ல் தன் பேராசிரியர்களுக்கு எழுதியது. ஆனைக்கே அடி சறுக்கும்போது, பூனை எம்மாத்திரம்?

இதிலொரு வேடிக்கையும் உண்டு. மதகுருமாரின் சிறைக்காவலில் வாழ்ந்த கலிலியோவின் கடைசிப் பெருநூலை, 1638-ல் லைடன் நகரில் துணிந்து அச்சிட்டது எல்செவியர் என்ற பழைய அச்சகக் குடும்பம். தடுக்கப்பட்ட அறிவை உலகுக்குத் தந்த குடும்பம் அது. அந்தக் குடும்பத்தோடு எந்த உறவும் இல்லாமல், அதன் புகழுக்காகப் பெயரை மட்டும் 1880-ல் எடுத்துச் சூட்டிக்கொண்டது இன்றைய நிறுவனம். பெயர் வந்தது, பண்பு வரவில்லை!

படித்து என்ன செய்யப் போகிறான்?

"சரி ஐயா, ஆராய்ச்சிக் கட்டுரை அறிஞருக்கானது. மலையில் தேயிலை பறிப்பவனும், அவன் பிள்ளைக்குப் பாடம் சொல்பவனும் அதைப் படித்து என்ன செய்யப் போகிறார்கள்?" என்று கேட்பார் உண்டு. இந்தக் கேள்வி நமக்குப் புதிதன்று. அன்றும் கேட்டார்கள்: உழுகிறவனுக்கு எழுத்து எதற்கு, பறையடிப்பவனுக்குப் பள்ளி எதற்கு, பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று. மறையோதுவதைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்ன தரும நூல் இந்த நாட்டில்தான் எழுதப்பட்டது. இன்று ஈயமில்லை, விலைச்சீட்டு இருக்கிறது. உனக்கு எதற்கு என்ற அந்தக் கேள்வி மட்டும் மாறவேயில்லை.

அறிவு உரிய இடத்துக்கு எட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதை மேற்கு ஆப்பிரிக்காவைக் கேட்க வேண்டும். 2014-ல் பரவிய எபோலாக் கொள்ளை நோய் அங்கே 11,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. லைபீரியாவில் அந்நோய்க்கு வேர் இருந்ததென்று யாரும் எதிர்பார்க்கவில்லை என்றே எங்கும் பேசினார்கள். 2015 ஏப்ரலில் அந்நாட்டுத் தலைமை மருத்துவ அதிகாரியும் உடனிருந்தோரும் நியூயார்க் டைம்ஸ் ஏட்டில் ஓர் உண்மையை எழுதினார்கள். 1982-லேயே ஐரோப்பிய ஆய்வாளர்கள் லைபீரிய மக்களின் இரத்தத்தைச் சோதித்து, எபோலா நிலைகொண்ட நாடுகளில் லைபீரியாவையும் சேர்க்க வேண்டும் என்று ஓர் ஆராய்ச்சி இதழில் எச்சரித்திருந்தார்கள்! இரத்தம் லைபீரியருடையது. கட்டுரையில் லைபீரியர் பெயர் ஒன்றுகூட இல்லை. அதைப் படிக்க 45 டாலர். அந்நாட்டு மருத்துவர் ஒருவரின் அரை வாரச் சம்பளம். எச்சரிக்கை இருந்தது, எட்ட வேண்டியவர்க்கு எட்டவில்லை. கதவு திறந்திருந்தால் மட்டும் எல்லா உயிரும் தப்பியிருக்கும் என்று நாம் சொல்லவில்லை. மருத்துவமனையும் வேண்டும், மருத்துவரும் வேண்டும். ஆனால் தன் நாட்டின் நோயைத் தன் நாட்டு மருத்துவன் அறிந்துகொள்ள அரை வாரச் சம்பளம் விலை என்பதை எந்த நியாயத்தால் ஒப்புவது?

எட்டினால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று தேடி ஆப்பிரிக்கா போக வேண்டாம், வால்பாறையிலேயே இருக்கிறது. நம் தோட்டங்களின் ஊடே யானைகள் நடக்கின்றன. அவை நடந்த வழியில்தான் தோட்டம் வந்தது. இருட்டில் எதிர்ப்பட்டு மாண்டவர் பலர். நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இங்கேயே தங்கி ஆராய்ந்தார்கள். யானை அருகில் நிற்பது தெரியாமல் போய் எதிர்ப்பட்டதே சாவுகளுக்குப் பெருங்காரணம் என்று கண்டார்கள். கண்டதைக் கட்டுரையாக்கியதோடு நிற்கவில்லை. யானை இன்று எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைக் கைப்பேசிக் குறுஞ்செய்தியாக, குரல் அழைப்பாக, உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஓடும் வரியாக, வனத்துறையோடு சேர்ந்து தமிழிலேயே மக்களுக்குச் சொன்னார்கள்; கம்பங்களில் சிவப்பு விளக்கு மின்ன வைத்தார்கள். அந்தப் பணிக்குத் தலைமை தாங்கிய ஆனந்தகுமார் அவர்களுக்கு 2015-ல் விட்லி விருது கிடைத்தது. விருது பெரிதன்று. அந்தி சாய்ந்தபின் வேலை முடிந்து வீடு திரும்பும் தாய், செய்தியைப் பார்த்துவிட்டு வேறு வழியில் நடந்தாளே, அதுதான் பெரிது. அந்தச் செய்திக்கு 40 டாலர் விலை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

பொய் இலவசம், மெய் விலைக்கு!

பகுத்தறிவாளரான நமக்கு இதில் தனிக் கவலை ஒன்று உண்டு. அறிவியலுக்கும் புராணத்துக்கும் வேறுபாடு என்ன? புராணம் நம்பு என்கிறது. அறிவியல் வந்து பார் என்கிறது. சான்று இதோ, கணக்கு இதோ, தவறிருந்தால் எடுத்துக் காட்டு என்கிறது. அந்தச் சான்றையும் கணக்கையும் பூட்டி வைத்துவிட்டால் எஞ்சுவது என்ன? "பெரியவர்கள் ஆராய்ந்து சொல்லிவிட்டார்கள், நம்பிக்கொள்" என்பதுதானே! படிக்க முடியாத அறிவியல் பாமரனுக்கு மற்றுமொரு வேதம். ஆய்வாளர் மற்றுமொரு புரோகிதர். காணிக்கை தட்டும் இருக்கிறது. தட்சணைத் தொகையும் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கிறது.

மறுபுறம் பாருங்கள். தாயத்து விற்பவன் தன் சரக்கைப் பற்றிய செய்தியைப் பூட்டி வைக்கிறானா? சாணமும் மூத்திரமும் சகல நோயும் தீர்க்கும் என்ற செய்தி ஒவ்வொருவர் கைப்பேசிக்கும் காலையிலே காசின்றி வந்து சேர்கிறது. சோதிடம் இலவசம், வதந்தி இலவசம், வகுப்பு வெறுப்பு இலவசம். அதை மறுக்கும் மருத்துவக் கட்டுரைக்கு மட்டும் 40 டாலர்! பொய் கடைத்தெருவில் இறைந்து கிடக்க, மெய் பெட்டகத்தில் பூட்டிக் கிடந்தால், வெல்வது எது? நாம் மேடையில் தொண்டை வறளப் பேசி என்ன பயன்?

திறக்க முடியாத பூட்டா அது? அன்று, 2020-ல் கொரோனா உலகைச் சுருட்டியபோது, அந்நோய் பற்றிய கட்டுரைகளைப் பெரும்பதிப்பகங்களே அனைவருக்கும் திறந்து வைத்தன. மருந்து தேட அறிவு தடையின்றி ஓட வேண்டும் என்று ஒப்புக்கொண்டன. நன்று. கொரோனாவுக்கு ஓட வேண்டிய அறிவு காசநோய்க்கு ஓட வேண்டாமா? புற்றுநோய்க்கு? பயிர் நோய்க்கு? உலகமே சாவின் வாசலில் நின்றால் மட்டும் திறக்கும் கதவு, ஏழை நாள்தோறும் சாகும்போது திறவாதா?

6,000 கோடியில் வாங்கிய வாடகைச் சாவி

"அரசு சும்மா இல்லையே!" என்பார்கள். உண்மை. ஒரே நாடு ஒரே சந்தா என்ற திட்டத்தை 2024 நவம்பர் 25-ல் ஒன்றிய அமைச்சரவை ஏற்றது. 2025 முதல் 2027 வரை மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300-க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள், ஏறத்தாழ 1.8 கோடி மாணவரும் ஆசிரியரும் ஆய்வாளரும் பயன்பெறுவர் என்றார்கள். முன்பு ஓர் இதழுக்கும் வழியற்றிருந்த சிற்றூர் அரசுக் கல்லூரி மாணவனுக்கு இது உதவும். அதை மறுக்க மாட்டோம்.

ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்காமலும் விட மாட்டோம். அரசுக் கல்லூரி மாணவன் உள்ளே. கொங்கு நாடெங்கும் நிறைந்திருக்கும் தனியார் கல்லூரிகளில் கடன் வாங்கிப் படிக்கும் உழவன் மகன்? வெளியே. பள்ளி ஆசிரியர்? வெளியே. சிறு மருத்துவமனை வைத்திருக்கும் மருத்துவர், செய்தியாளர், தொழிற்சங்கத் தோழர், அறிய விரும்பும் குடிமகன்? எல்லோரும் வெளியே. பின்னால் விரிவாக்குவோம் என்ற பேச்சு உண்டு. பேச்சு விரிவதை நாம் பல முறை பார்த்திருக்கிறோம். சரி, எல்லோரையும் சேர்த்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். மூன்றாண்டு முடிந்ததும் என்ன? மீண்டும் பணம். கொடுத்தது சொந்தச் சாவிக்கன்று, வாடகைச் சாவிக்கு! இந்திய ஆய்வாளர் இந்திய மக்களின் பணத்தில் எழுதியதை இந்திய மக்களுக்குக் காட்ட, இந்திய மக்களின் பணத்தையே மீண்டும் கொட்டுகிறோம். பூட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. பூட்டுக்காரனுக்கு இனாம் மட்டும் உண்டு.

பதிப்பு முதலாளிகள் இன்னொரு வழியும் காட்டுகிறார்கள். "படிப்பவன் பணம் கட்ட வேண்டாமா? சரி, எழுதுபவன் கட்டட்டும்" என்கிறார்கள். நேச்சர் இதழில் எல்லோரும் படிக்கும்படி ஒரு கட்டுரை வெளியிட, 2021 தொடக்கத்தில் குறித்த தொகை 9,500 யூரோ. எட்டு இலட்ச ரூபாய்க்கு மேல்! ஏழை நாட்டு ஆய்வாளன் அவ்வளவு பணத்துக்கு எங்கே போவான்? முன்பு காதைப் பொத்தினார்கள், இப்போது வாயைப் பொத்துகிறார்கள், வேறுபாடு அவ்வளவே.

இந்த வாணிபத்தின் நிழலில் கள்ளச்சந்தை ஒன்றும் முளைத்தது. முனைவர் பட்டம் வேண்டுமா, இதழில் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்றொரு கட்டாயம் இருந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல்தான் அதை விதிகளிலிருந்து நீக்கியது. பட்டத்துக்குக் கட்டாயம் போயிற்று. வேலைக்கும் பதவி உயர்வுக்கும் கட்டுரை எண்ணும் பழக்கம் போகவில்லை. நம்மோடு கல்லூரியில் பயின்ற தோழர் ஒருவர், தனியார் கல்லூரி ஒன்றில் குறைந்த சம்பளத்தில் பணிபுரிகிறார். ஆண்டுக்கு இத்தனை கட்டுரை என்று மேலிடம் நெருக்கியது. பல ஆயிரம் கட்டினார். மூன்றே நாளில் 'அனைத்துலக இதழ்' ஒன்றில் அவர் கட்டுரை வந்தது. யாரும் படித்துப் பார்க்கவில்லை. "அச்சிட்டவன்கூடப் படித்திருக்க மாட்டான்" என்றார் அவர், தலையைக் குனிந்துகொண்டு. குற்றவாளி அவரா? அறிவை எடைபோடாமல் எண்ணிக்கை போடும் அமைப்பா?

வழி உண்டு; நாமே கண்ட வழி

"எல்லாம் இலவசம் என்றால் இதழ் எப்படி நடக்கும்? தாளும் மையும் இல்லாவிட்டாலும் கணினியும் ஆளும் வேண்டாமா?" என்று கேட்பது நேர்மையான கேள்வி. செலவு உண்டுதான். செலவை யார் ஏற்பது, இலாபத்தை யார் கொள்வது என்பதே வழக்கு. பிரேசில் நாட்டார் 1998-ல் சைலோ என்ற பொதுத் தளத்தைத் தொடங்கி, பொதுப்பணத்தின் துணையோடு தம் இதழ்களைத் திறந்து வைத்தார்கள். இலத்தீன் அமெரிக்க நாடுகள் பல பின்தொடர்ந்தன. இயற்பியலாரும் கணிதவியலாரும் 1991 முதலே ஆர்க்சைவ் என்னும் களஞ்சியத்தில் தம் கட்டுரைகளை யாரும் படிக்க இட்டு வருகிறார்கள். நூறாண்டு தீராதிருந்த புவாங்கரேயின் கணிதப் புதிரைத் தீர்த்த ருசிய அறிஞர் பெரல்மான், 2002-லும் 2003-லும் தம் விடையை அங்கேதான் வைத்தார். எந்த முதலாளியின் இதழுக்கும் அனுப்பவில்லை. சி. வி. இராமன் 1934-ல் பெங்களூரில் நிறுவிய இந்திய அறிவியல் அகாடமி, தன் இதழ்களைத் தன் தளத்தில் காசின்றிப் படிக்க வைத்திருக்கிறது. இதைத்தான் 'திறந்த அணுக்கம்' என்று இன்று அழைக்கிறார்கள்.

பெயர் புதிது, தமிழனுக்குப் பொருள் பழையது. பாரதியின் பாட்டுக்குத் தனியார் உரிமை கொண்டாடிய காலம் ஒன்றிருந்தது. மக்கள் குரல் எழுப்பினார்கள். 1949-ல் சென்னை அரசு அந்த உரிமையைப் பெற்று, பின்னர்ப் பொதுச் சொத்தாக்கிற்று. அதன்பின் எத்தனையோ அறிஞர்களின் நூல்களை, அவர்கள் குடும்பத்துக்குத் தொகை தந்து, நாட்டுடைமை ஆக்கியது தமிழக அரசு. எழுதியவர் வீட்டுக்கும் நீதி, படிப்பவர் வீட்டுக்கும் நீதி! சீர்காழியில் பிறந்த அரங்கநாதன், நூல் பூட்டி வைப்பதற்கன்று, பயன்படுவதற்கே என்பதை நூலகவியலின் முதல் விதியாக 1931-ல் நாட்டினார். 1948-ல் விடுதலை பெற்ற இந்தியாவில் முதலாவதாகச் சென்னை மாநிலத்தில் பொது நூலகச் சட்டம் வந்தபோது, கல்வி அமைச்சராக இருந்தவர் நம் கொங்கு மண்ணின் அவினாசிலிங்கம். வீட்டு வரியோடு நூலக வரி. அதனால் ஊருக்கொரு படிப்பகம். 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்கும் உள்ள தமிழர் கூலியின்றித் தட்டெழுதிய பழந்தமிழ் நூல்களை எல்லோருக்கும் வழங்கி வருகிறது. கோவைக் கரும்பு ஆராய்ச்சி நிலையம் 1912-ல் பிறந்தது. நாட்டுக் கரும்பையல்லாமல் காட்டு நாணலையும் கலந்து அங்கே உருவாக்கிய கோ 205 என்ற கரும்பு 1918-ல் வடநாட்டு வயல்களுக்குப் போயிற்று. 'கோ' என்ற அந்தக் கோவை முத்திரையோடு அதன் வழிவந்த கரும்புகள் உலகில் பல நாடுகளில் இனித்தன. பொதுப்பணத்தில் பிறந்த அறிவு பொதுவயலில் விளைந்ததால் யார் கெட்டார்?

"சட்டம் இடம் தராதே!" என்பார் கடைசியாக. டில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் மாணவர்க்குப் பாடப் பகுதிகளைப் படியெடுத்துத் தந்த ஒரு சிறு கடைமீது, ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்டு பிரான்சிஸ் என்ற பெரும்பதிப்பகங்கள் 2012-ல் வழக்குத் தொடுத்தன. 2016 செப்டம்பரில் டில்லி உயர்நீதிமன்றத் தனி நீதிபதி அதைத் தள்ளினார். பதிப்புரிமை தெய்வம் அருளியதுமன்று, இயற்கையாய் வந்ததுமன்று என்று அத்தீர்ப்பு சொல்லிற்று. நாம் சொன்னால் நாத்திகம் என்பார்கள், நீதிமன்றமே சொன்னது! மேல்முறையீட்டிலும் கல்விக்கான விலக்கு நிலைத்தது. 2017-ல் பதிப்பகங்கள் வழக்கையே திரும்பப் பெற்றன. அதே நீதிமன்றம் 2025 ஆகஸ்டில், கட்டுரைகளைக் காசின்றித் தந்துவந்த சை-ஹப் தளத்தை முடக்க ஆணையிட்டதும் உண்மை. ஆகவே பின்வாசலை நம்பிப் பயனில்லை. முன்வாசலைத் திறக்கச் சொல்ல வேண்டும். சட்டம் மனிதன் செய்தது, மனிதன் மாற்றலாம்.

என்ன கேட்கிறோம்?

ஒன்று: மக்கள் பணத்தில் நடந்த ஆராய்ச்சியின் கட்டுரை, வெளிவரும் நாளிலேயே எல்லோரும் படிக்கத் திறந்திருக்க வேண்டும். ஒன்றிய அரசின் அறிவியல் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2014-லேயே, கட்டுரைகளைப் பொதுக் களஞ்சியத்தில் சேர்க்க வேண்டும் என்று கொள்கை வகுத்தன. ஏட்டுச் சுரைக்காயாக இருக்கும் அதைச் சட்டமாக்குங்கள்.

இரண்டு: எழுதுபவனிடமும் கொள்ளையில்லை, படிப்பவனிடமும் கொள்ளையில்லை என்ற முறையில் இதழ்கள் நடத்தப் பல்கலைக்கழகங்களுக்குப் பணம் தாருங்கள். 6,000 கோடியில் ஒரு பங்கு போதும், சொந்த வீடு கட்டலாம். ஆயுளெல்லாம் வாடகை கட்ட வேண்டாம்.

மூன்று: எண்ணிக்கை பார்த்துப் பதவி தருவதை நிறுத்துங்கள். கள்ள இதழ்களின் கடை தானே மூடும்.

நான்கு: தமிழ்நாட்டு மக்களைப் பற்றி, மண்ணைப் பற்றி, காட்டைப் பற்றி நடக்கும் ஒவ்வோர் ஆராய்ச்சிக்கும் தமிழில் ஒரு சுருக்கம் கட்டாயமாகட்டும். பணப் பூட்டு ஒன்றென்றால் மொழிப் பூட்டு இன்னொன்று. இந்த மலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த டேனியல், இங்கே கூலிகள் பட்ட கொடுமையைக் கண்டு 'ரெட் டீ' என்ற நூலை 1969-ல் ஆங்கிலத்தில் எழுதினார். அது 'எரியும் பனிக்காடு' என்று இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் தமிழுக்கு வந்தது 2007-ல். தம் பாட்டன் பூட்டியின் கண்ணீரைத் தம் மொழியில் படிக்க இவ்வூர் மக்கள் 38 ஆண்டுகள் காத்திருந்தார்கள்! இனியும் காத்திருக்க வேண்டுமா?

தோழர்களே, கல்லூரியில் பயிலும் இளைஞர்களே! நீங்கள் நாளை ஆய்வாளர் ஆவீர்கள். உரிமையை எழுதிக் கொடுக்கச் சொல்லும் தாள் உங்கள் முன் வரும். கையெழுத்திடுமுன் ஒரு கணம் நினையுங்கள், உங்களைப் படிக்க வைத்தவர் யார் என்று. உங்கள் கட்டுரையை எந்தக் களஞ்சியத்தில் திறந்து வைக்கலாம் என்று கேளுங்கள். நூலகரைக் கேளுங்கள். துணைவேந்தரைக் கேளுங்கள். சட்டமன்ற உறுப்பினரைக் கேளுங்கள். கேட்பது நம் தொழில். கேட்டுக் கேட்டுத்தான் கோயில் கதவு திறந்தது, பள்ளிக் கதவு திறந்தது.

குரங்கைப் பற்றிக் கேட்ட சிறுவனுக்கு என்ன சொன்னோம் என்கிறீர்களா? அந்த ஆய்வாளர்களுள் ஒருவருக்கே மடல் எழுதினோம். மறுநாளே கட்டுரையை மகிழ்ச்சியோடு அனுப்பிவைத்தார். அதைப் படித்து, காடு துண்டானதையும், மனிதர் வீசும் உணவின் சுவையைக் குரங்கு கண்டுகொண்டதையும் பிள்ளைகளுக்கு விளக்கினோம். எழுதியவர் கொடுக்க விரும்புகிறார். படிக்க இருப்பவன் காத்திருக்கிறான். இடையே சாவடி போட்டு நிற்பவனுக்கு என்ன வேலை?

அந்தச் சிறுவன் இப்போது அடுத்த கேள்வியோடு எழுந்து நிற்கிறான். அவனுக்கு விடை வேண்டும்; ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவரின் அன்பினால் அன்று, உரிமையினால் வேண்டும். சாவடியை அகற்றுங்கள்!